மைனர் சொத்து

தகப்பனை இழந்த சிறுவனுக்கு நாலு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அதை ஆளும் வயது அவனுக்கு இல்லை. தாய்மாமன் கார்டியனாக வருகிறார். ஆண்டுதோறும் சாகுபடி நடக்கிறது; நெல் அளக்கிறார்கள்; பணம் வருகிறது, போகிறது. பையன் கேள்வி கேட்பதில்லை, கேட்கத் தெரியாது. பதினெட்டு வயது நிறைந்த பிறகுதான் கணக்குப் பேசப்படுகிறது. மாமன் காத்தவரா, கரைத்தவரா என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிகிறது.

கோயில் சொத்தும் இப்படிப்பட்டதுதான். தெய்வத்தைச் சட்டம் மைனர் ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கிறது. சுவாமி நேரில் வந்து குத்தகைப் பாக்கியைக் கேட்கப் போவதில்லை. ஆகையால்தான் தர்மகர்த்தா என்று ஒருவரை வைத்தார்கள். அவர் மனம் போனபடி செய்துவிடாமலிருக்கக் கணக்கும் தணிக்கையும் வைத்தார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய மைனர் சொத்து ஒன்று உண்டு. அதுதான் பள்ளிக்கூடம். கட்டடம், மைதானம், புத்தகம், ஆசிரியரின் உழைப்பு, வரி கொடுத்தவர்களின் பணம் ஆகிய இத்தனைக்கும் உரியவர்கள் வயது வராதவர்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. மகஜர் எழுதத் தெரியாது. ஆகவே பள்ளிகளை நிர்வகிக்கிறவர் யாராயினும் அவர் எஜமானர் அல்ல, கார்டியன்தான். இதை நினைவில் வைத்துக் கொண்டால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்து விடும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும், நினைவில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நகரங்கள் சாட்சி சொல்கின்றன.

பள்ளிக்கென்று ஒரு சர்க்கார்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவது மத்திய சர்க்கார் அல்ல. பல இடங்களில் நகரசபையும் அல்ல. ‘பள்ளி மாவட்டம்’ என்று தனி ஸ்தாபனம் உண்டு. அதற்குத் தனி எல்லை, தனி வரவு செலவு, தனித் தேர்தல். மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு குழுவை அமைக்கிறார்கள். கலிபோர்னியாவில் பல ஊர்களில் குழு அங்கத்தினரை ‘டிரஸ்டி’ என்றே அழைக்கிறார்கள். நம் பாஷையில் தர்மகர்த்தா. அந்தக் குழு ஒரு சூப்பரிண்டெண்டெண்டை நியமிக்கிறது. பட்டம் சாதாரணமானது, பொறுப்போ ஒரு கலெக்டரின் பொறுப்புக்குக் குறைந்ததல்ல. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் கோடிக்கணக்கான டாலரும் அவர் கையில்.

இத்தகைய மாவட்டங்களில் நியூயார்க்குக்கு அடுத்தபடி பெரியது லாஸ் ஏஞ்சல்ஸ். அதற்குத் தெற்கே சுமார் 20 மைலில் கடலோரமாக இருக்கிறது லாங் பீச். துறைமுக நகரம், ஜனத்தொகை சுமார் நாலரை லட்சம். ஒரு காலத்தில் அயோவா முதலிய நடு மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையர் குடியேறிய ஊர் என்று அதற்குப் பெயர். பிறகு கறுப்பு இனத்தவர், மெக்ஸிகோ வம்சத்தார், பிலிப்பினோக்கள், சமோவாத் தீவினர் என்று பல இனத்தாரும் வந்து சேர்ந்தார்கள். 1975-க்குப் பின், கம்போடியாவில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்காரும் மூன்று பிள்ளைகளில் ஒன்று வீட்டில் ஸ்பானிஷ் பேசும். ஒன்று கெமர் பேசும். ஒன்று இங்கிலீஷ் பேசும். மூன்றும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும்.

முதலில் கூரை

கார்டியனின் முதல் கடமை குழந்தையின் உயிரைக் காப்பது. லாங் பீச் இந்தப் பாடத்தைப் பயங்கரமான முறையில் கற்றது.

1933 மார்ச் 10, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி ஆகப் போகும் சமயம். பூமி அதிர்ந்தது. அந்த வட்டாரத்தில் 70 பள்ளிகள் இடிந்து நொறுங்கின. மேலும் 120 பள்ளிகள் பலத்த சேதமடைந்தன. நல்லவேளை, பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். சில மணி நேரம் முன்னதாக அதிர்ந்திருந்தால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும். அழகிய தூண்களும் முகப்புகளும் வைத்துக் கட்டிய அந்தக் கட்டடங்களில் செங்கல்லைப் பிடித்துக் கொள்ளும் பலம் இல்லை என்பது அன்று மாலை வெளிப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. கமிஷன் வைத்து அறிக்கைக்காக வருஷக் கணக்கில் காத்திருக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-ந் தேதி, கலிபோர்னியா சட்டசபை ‘ஃபீல்டு சட்டம்’ என்பதை நிறைவேற்றி அமலுக்குக் கொண்டு வந்தது. பொதுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநில அதிகாரிகள் பரிசீலித்து ஒப்புதல் தந்த பிறகே அஸ்திவாரம் போடலாம். வேலை முடிகிற வரையில், கண்டிராக்டருக்குக் கட்டுப்படாத ஓர் இன்ஸ்பெக்டர் கூடவே நின்று பார்க்க வேண்டும். இதனால் செலவு கூடும் என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. ஆனால் அந்தச் சட்டப்படி கட்டிய பள்ளி எதுவும் அதன் பிறகு வந்த பூகம்பங்களில் இடிந்து பிள்ளைகள் மீது விழுந்ததில்லை.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குக் கும்பகோணம் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16 அன்று கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. கட்டடத்தைச் சோதிப்பது என்ஜினீயர் வேலை; ‘சோதித்தீர்களா?’ என்று கேட்பது தலைவர் வேலை. விளம்பரம் இல்லாத வேலை இது. இடியாத சுவரைப் பார்த்து யாரும் மாலை போடுவதில்லை. அதனாலேயே இதை முதல் வேலையாகக் கொள்கிறவரைத்தான் நல்ல கார்டியன் என்று சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு ஆண்டுகள், இரண்டே பேர்

1990-களின் தொடக்கத்தில் லாங் பீச்சுக்கு மறுபடியும் சோதனைக் காலம். விமானத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. கடற்படைத் தளம் 1994-ல் மூடப்பட்டது. கடற்படைக் கப்பல் கட்டும் தளம் 1997-ல். 1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூண்ட கலவரம் இங்கேயும் பரவிற்று. தெருவில் கோஷ்டிச் சண்டை. இன்ன நிறச் சட்டை போட்டவன் இன்ன கோஷ்டி என்று கருதிச் சுடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அந்த 1992-ல் சூப்பரிண்டெண்டெண்டாகப் பதவியேற்றவர் கார்ல் கோன். ஆசிரியராகவும் மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருந்து மேலே வந்தவர். கோஷ்டிச் சண்டையைத் தடுக்கும் வேலையிலும் அனுபவமுள்ளவர். 1994-ல் ஆரம்பப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் சீருடை கட்டாயம் என்று மாவட்டம் உத்தரவு போட்டது. பெரிய நகர மாவட்டங்களில் அப்படிச் செய்த முதல் மாவட்டம் அதுவே. நமக்குச் சீருடை பழகிப்போன விஷயம். அமெரிக்கப் பொதுப் பள்ளிக்கு அது அதிசயம். 1996-ல் ஜனாதிபதி கிளிண்டனே நேரில் வந்து பார்த்துப் பாராட்டினார்.

ஆனால் சீருடைதான் எல்லாவற்றையும் சாதித்தது என்று சொல்வதற்கில்லை. அதனால் குற்றம் குறைந்தது என்ற வாதத்தை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஒப்புக் கொள்ளவில்லை. பேப்பரில் அதிகம் பேசப்படாத வேறு காரியங்களே நிலைத்துப் பலன் தந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சரியாக வாசிக்கக் கற்ற பிறகே நாலாம் வகுப்புக்குப் போகலாம் என்று விதி செய்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் போதனைக்கு வழி செய்தார்கள். 1994-ல் தொடங்கி, பள்ளி மாவட்டமும் ஊரிலுள்ள சிட்டி காலேஜும் மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசின. பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெறுகிற ஆசிரியர் நாளை இந்தப் பள்ளிக்குத்தான் வரப் போகிறார். இந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை நாளை அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகப் போகிறது. அப்படியானால் இரண்டு இடத்திலும் பாடம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கலாமா? இந்தச் சாதாரணக் கேள்வியிலிருந்து 2008-ல் ‘காலேஜ் வாக்குறுதி’ என்ற ஏற்பாடு பிறந்தது. லாங் பீச் பள்ளியில் படித்துத் தேறிய பிள்ளைக்குச் சிட்டி காலேஜில் தொடக்கப் படிப்பு இலவசம்; உரிய தகுதி பெற்றால் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம்.

கோன் பத்து வருஷம் இருந்துவிட்டு 2002-ல் விலகினார். அடுத்து வந்த கிறிஸ்டபர் ஸ்டைன்ஹவுசர் அதே மாவட்டத்தில் படித்து, அதே மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர். வந்ததும் முந்தியவர் நட்டதைப் பிடுங்கவில்லை. 2020 வரையில் 18 வருஷம் அதற்கே தண்ணீர் விட்டார். 2003-ல், நாட்டிலேயே சிறந்த நகரப் பள்ளி மாவட்டம் என்று பிராட் பரிசு அந்த ஊருக்குக் கிடைத்தது. கௌரவம் யாருக்கு, நட்டவருக்கா, தண்ணீர் விட்டவருக்கா? நல்ல நிர்வாகத்தில் இதற்கு விடை சொல்வது கஷ்டம். அப்படிக் கஷ்டமாக இருப்பதே நல்லது.

அதே 18 வருஷத்தில் பக்கத்து லாஸ் ஏஞ்சல்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ரோமர், ப்ரூவர், கார்டினஸ், டீஸி, மறுபடி கார்டினஸ், கிங், ப்யூட்னர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. எல்லாம் அவர்கள் குற்றமல்ல. ஆனால் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளியை முடிப்பதற்குள் கார்டியன் நாலைந்து முறை மாறினால் குடும்பம் எப்படி இருக்கும்?

ஐபேட் வந்தது, போனது

2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய யோசனை புறப்பட்டது. மாவட்டத்தின் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஐபேட். அப்போதைய சூப்பரிண்டெண்டெண்ட் ஜான் டீஸியின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சாதனம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அது உரிமை, தர்மமல்ல என்று அவர் வாதாடினார். ஜூன் மாதத்தில் முதல் கட்டமாக 3 கோடி டாலர் ஒப்பந்தம். திட்டம் முழுவதும் நிறைவேறினால் 100 கோடி டாலருக்கு மேல் ஆகும்.

பணம் எங்கிருந்து வந்தது? பள்ளிக் கட்டடங்களைக் கட்டவும் பழுது பார்க்கவும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த கடன் பத்திரங்களிலிருந்து. கருவியின் ஆயுள் மூன்று, நாலு வருஷம். கடனின் ஆயுளோ சுமார் 25 வருஷம். பையன் படித்து முடித்து, கல்யாணம் செய்து, அவன் பிள்ளை அதே பள்ளியில் சேரும் போதும், அவன் தொலைத்து மறந்த கருவிக்கு ஊர் வட்டி கட்டிக் கொண்டிருக்கும். மைனர் நிலத்தை அடகு வைத்து மைனருக்குத் தீபாவளிச் சட்டை எடுத்த கதைதான் இது. சட்டை அவனுக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் கடனும் அவன் தலையில்தான்.

கருவியில் வருவதாகச் சொன்ன பாடங்கள் முழுமையாகத் தயாராகவில்லை. சில உயர்நிலைப் பள்ளிகளில், கைக்கு வந்த சில நாளிலேயே மாணவர்கள் அதன் பூட்டை நீக்கித் தங்களுக்கு வேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார்கள். கருவிகளைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. டெண்டருக்கு முன்பே கம்பெனிக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடந்தது வெளியானதும், 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் டீஸி ராஜிநாமா செய்தார். தவறு ஏதும் செய்யவில்லை என்பது அவர் வாதம். விசாரணை நடந்ததே தவிர, யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. குற்றம் இல்லை என்பது ஒரு விஷயம். முறையான பராமரிப்பா என்பது வேறு விஷயம். பத்து பள்ளிகளில் ஒரு வருஷம் சோதித்துப் பார்த்திருந்தால் உண்மை குறைந்த விலையில் தெரிந்திருக்கும்.

பாடம் கற்றாயிற்று என்று நினைக்கும் போதே, 2024 மார்ச்சில் அதே மாவட்டம் பிள்ளைகளோடு பேசும் செயற்கை அறிவு இயந்திரம் ஒன்றை வெகு விமரிசையாகத் தொடங்கி வைத்தது. மூன்று மாதத்தில் அதைச் செய்து தந்த கம்பெனி நொடித்துப் போயிற்று. விழாவுக்குப் பந்தல் போடும் முன், விதை முளைக்குமா என்று பார்க்கும் பழக்கம் எளிதில் வருவதில்லை.

சமபங்கு எது?

பல இனம், பல பாஷை கூடும் ஊரில் கார்டியனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டால் நியாயம் முடிந்துவிடுமா? இதே கலிபோர்னியாவில் ஸான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கேள்வி எழுந்தது. இங்கிலீஷ் தெரியாத சீன வம்சத்துப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் எவ்வித உதவியுமின்றி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தருகிற புத்தகத்தையும் ஆசிரியரையும் அவர்களுக்கும் தந்திருக்கிறோம் என்றது நிர்வாகம். 1974-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. புரியாத பாஷையில் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று.

நோயாளிப் பிள்ளைக்குத் தாய் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் கொடுப்பாள். மற்றப் பிள்ளைகள் அதை வஞ்சனை என்று சொல்வதில்லை. 2013-ல் கலிபோர்னியா இதையே நிதிச் சட்டமாக ஆக்கிற்று. ஏழைப் பிள்ளை, இங்கிலீஷ் கற்றுக் கொண்டிருக்கும் பிள்ளை, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்பு இல்லத்தில் இருக்கும் பிள்ளை ஆகியோருக்காக மாவட்டங்களுக்குக் கூடுதல் பணம். அதை எப்படிச் செலவிடுவது என்று பெற்றோரைக் கலந்து திட்டம் எழுத வேண்டும். சட்டம் நல்ல சட்டம். ஆனால் பொதுப் பானையில் ஊற்றிய பால் யார் வயிற்றுக்குப் போயிற்று என்று பார்ப்பது சிரமம். 2017-ல், பாராட்டுப் பெற்ற லாங் பீச்சிலேயே, அந்தப் பணம் உரிய பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று பெற்றோர் சிலரும் பொதுநல அமைப்புகளும் முறையிட்டார்கள். பரிசு வாங்கிய கார்டியனும் கணக்குக் காட்ட வேண்டியவரே. கெமர் பேசும் தாயும் ஸ்பானிஷ் பேசும் தகப்பனும் கேட்டுப் புரிந்து கொள்ளும் பாஷையில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

கோடை மழையும் குளமும்

இப்போது அந்த நகரங்களை எதிர்நோக்கி நிற்பது வேறு கஷ்டம். வீட்டு வாடகை ஏறிற்று, பிறப்பு விகிதம் குறைந்தது, குடும்பங்கள் வெளியேறின. லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கு மேல் இருந்த பிள்ளைகள் சுமார் 4 லட்சமாகக் குறைந்து விட்டார்கள். லாங் பீச்சில் 90,000-க்கு மேல் இருந்தது 70,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. கலிபோர்னியாவில் பிள்ளைகளின் வருகைக் கணக்கை வைத்தே பணம் வருகிறது. பிள்ளை குறைந்தால் பணம் குறையும். கூரைக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு மட்டும் குறையாது.

இதற்கு நடுவில் கொரோனாத் தொற்றின் போது, 2020, 2021 ஆண்டுகளில், மத்திய சர்க்கார் நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்துச் சுமார் 19,000 கோடி டாலர் வாரி வழங்கிற்று. ஒரு தடவைப் பணம். 2024 செப்டம்பர் இறுதிக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. சில மாவட்டங்கள் அதை வைத்துக் காற்றோட்டக் கருவி வாங்கின. விட்டுப்போன பாடத்துக்கு டியூஷன் வைத்தன. வேறு சில மாவட்டங்கள் நிரந்தர உத்தியோகங்களை உண்டாக்கின. ஒரு கோடை மழையில் நிரம்பிய குளத்தை நம்பி மூன்று போகத்துக்கு நாற்று விட்ட மாதிரி. தண்ணீர் வற்றியதும் ஆட்குறைப்பு, பள்ளி மூடல் என்ற பேச்சு எழுந்தது. மூடப்படுகிற பள்ளி பெரும்பாலும் ஏழைத் தெருவில்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தெருவிலிருந்து வரும் கூச்சல் சன்னமானது.

பள்ளியை மூடவே கூடாது என்பதல்ல. பாதி காலியான கட்டடத்துக்குச் செலவிடும் பணம், நிரம்பிய வகுப்பிலிருந்து எடுத்த பணம்தான். ஆனால் அந்த முடிவைச் சொல்லும் தலைவர் முந்தின வருஷமே அந்தத் தெருவுக்குப் போய்க் கணக்கை விரித்து வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் எந்தப் பள்ளிக்கு, எந்த வழியாக, எந்தப் பஸ்ஸில் போவார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி நாளில் நோட்டீஸ் ஒட்டுவது அமீனா வேலை. கார்டியன் வேலை அல்ல.

கணக்குக் கேட்கும் நாள்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல பள்ளித் தலைவரின் வேலை வரிசை தெளிவாகத் தெரிகிறது. முதலில் இடியாத கூரை. பிறகு வாசிக்கத் தெரிந்த குழந்தை. பிறகு நிலைத்து நிற்கும் நல்ல ஆசிரியர். பிறகு, குரல் எழும்பாத பிள்ளைக்கு முதல் பங்கு. கடைசியாகத்தான் புதுக் கருவியும் திறப்பு விழாவும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வகுப்புக்கு நன்றாக இராது.

மைனர் சொத்தில் ஒரு சௌகரியம், பையன் பெரியவனாகும் வரையில் கேட்பார் இல்லை என்பது. அந்தச் சௌகரியம் பள்ளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. லாங் பீச்சுக்கு வடக்கே, அதே கலிபோர்னியாவில், பெர்க்லி நகர வாக்காளர்கள் 2016-லும் ஓக்லாந்து நகர வாக்காளர்கள் 2020-லும் ஒரு தீர்மானத்துக்கு ஓட்டளித்தார்கள். பள்ளிக்குழுத் தேர்தலில் மட்டும் 16, 17 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போடலாம் என்பது தீர்மானம். ஏற்பாடுகள் முடிந்து அது நடைமுறைக்கு வரச் சில வருஷங்கள் ஆயின. 2024 நவம்பரில் அந்தப் பிள்ளைகள் முதல் தடவையாக ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கினார்கள்.

சீட்டில் அச்சிட்டிருந்தது அவர்களுடைய பள்ளிகளை ஆள வரும் தர்மகர்த்தாக்களின் பெயர்கள். மைனர் இன்னும் மேஜர் ஆகவில்லை. ஆனால் கணக்குக் கேட்க ஆரம்பித்து விட்டான்.